வில் எந்தப் பக்கம் பார்க்கிறது

கதகளியில் தோடயம் என்று ஒன்று உண்டு. சாயங்காலமே கேளிகொட்டி, இன்று ராத்திரி ஆட்டம் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆட்டவிளக்கு எரிகிறது. சனம் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேர் வண்ணத்திரையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மத்தளமும் சேங்கிலையும் இலத்தாளமும் தொடங்குகின்றன. செண்டை இன்னும் வரவில்லை. பாட்டு எழுகிறது, ஆட்டமும் நடக்கிறது, திரை மட்டும் இறங்குவதில்லை. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் பயிற்சியில் இருக்கும் இளம் பிள்ளைகள். திரைக்குப் பின்னாலேயே ஆடி, பின்னாலேயே கும்பிட்டு, அப்படியே அணியறைக்குப் போய்விடுவார்கள். எதிரே இருக்கிறவர்களுக்குத் தெரிவது திரையின் கீழ்விளிம்பில் எட்டிப்பார்க்கும் பாதங்கள் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் வந்தனப் பாட்டு, புறப்பாடு, மேளப்பதம், கதை.

நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் கதகளி வைத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க ஆடவேண்டிய கதையை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். பதங்களின் பொருளைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்துணியில் விழச் செய்திருந்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் அந்த எழுத்தைப் படித்துவிட்டு ஆடுகிறவரின் கையைப் பார்ப்பாள். மறுபடி எழுத்தைப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் எழுத்தை மறந்து கையையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் தோடயம் இல்லை. முடிந்ததும் நடத்தினவரிடம் கேட்டேன். இளைஞர், மரியாதையானவர். “டீச்சர், யாருமே பாக்காத ஆட்டத்துக்கு இருபது நிமிசம் எதுக்கு? அதுக்குள்ள பாதிப் பேரு எழும்பிப் போயிருவாவ” என்றார்.

அவர் கேட்டதில் கிண்டல் இல்லை. இந்தக் காலத்துக்கு ஏற்றபடி பழைய ஆட்டத்தைக் கொண்டுவர முயலும் எவரும் கேட்டே தீரவேண்டிய கேள்வி அது. யாரும் பார்க்காத ஆட்டம் எதற்கு? இதைக் கலைக் கேள்வி என்று சொல்லி ஒதுக்கமுடியாது. வழிபாடு என்றால் என்ன என்பதே இதற்குள் இருக்கிறது.

நான் பிறந்தது பூதப்பாண்டிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருவட்டாற்றில். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பிறந்த வீட்டில் வில்லுப்பாட்டு, புகுந்த வீட்டில் கதகளி. நாஞ்சில் நாட்டில் பலரும் கதகளியை மலையாளத்தான் ஆட்டம் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மண் தமிழ்நாட்டோடு சேரும்வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து ஆண்டவர்களில் ஒருவரான கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, ராஜசூயம், பகவதம் போன்ற ஆட்டக்கதைகளை எழுதியவர். திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் திருவிழா இரவுகளில் இன்றைக்கும் கதகளி உண்டு. எங்கள் மாமனாருக்கு நளசரிதம் பதங்கள் பாடம். வயலில் வரப்பு வெட்டும்போதும் முணுமுணுப்பார்.

பழையதை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கதகளியே ஒரு மாற்றத்தில் பிறந்ததுதான். கூடியாட்டமும் கிருஷ்ணனாட்டமும் வடமொழியில் இருந்தபோது, கொட்டாரக்கரைத் தம்புரான் ராமன் கதையை எட்டு இரவுக்குப் பிரித்து, ஊர் சனத்துக்குப் புரியும் மொழியில் பாட்டு எழுதினார். அந்த ராமனாட்டம் வளர்ந்ததுதான் கதகளி. 1930இல் வள்ளத்தோள் கலாமண்டலம் தொடங்கியபின் ஆட்டம் கோவிலையும் கொட்டாரத்தையும் விட்டு உலகத்துக்குப் போனது. திருப்பூணித்துறையில் 1975இல் பெண்களே சேர்ந்து ஒரு கதகளிக் குழு அமைத்தார்கள். பெண்ணால் அத்தனை கனமான உடுத்துக்கெட்டைக் கட்டிக்கொண்டு ஆடமுடியுமா என்று கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 1989இல் ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதையைக்கூட கதகளியாக ஆடினார்கள். இதெல்லாம் நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

மாறாத ஒன்று பொருள் இழந்து போவதையும் சொல்லவேண்டும். பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் வருஷா வருஷம் நம்முடைய திருவெம்பாவையை ஓதுகிறார்கள். அங்கே கேட்கிறவர்களுக்கும் பொருள் தெரியாது, ஓதுகிறவர்களுக்கும் தெரியாது. இத்தனை நூற்றாண்டு தாண்டி அந்தத் தமிழ் ஒலி அங்கே உயிரோடிருப்பது எனக்குக் கண்ணில் நீர் வரவைக்கும் செய்திதான். ஆனாலும் மணிவாசகர் அதைப் பாடியது பொருளோடு பாடத்தானே? அதனால்தான் மண்டபத்தில் அந்தத் தமிழ் எழுத்தைக் கண்டதும் எனக்கு மனசு நிறைந்தது.

தோடயம் என்ன செய்கிறது என்று சொல்ல, எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான கொடைக்குப் போகவேண்டும்.

கொடைப் பந்தலில் வில்லு வைக்கும் இடம் கோவில் நடைக்கு நேர் எதிரே. பாட்டை நடத்தும் அண்ணாவி சாமியைப் பார்த்து உட்காருவார். வில், குடம், உடுக்கை, கட்டை, தாளம் எல்லாம் சாமி பக்கம் பார்த்திருக்கும். நாங்கள் பக்கவாட்டிலும் பின்னாலும் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். பாடுகிறவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவேண்டுமானால் எழுந்து சுற்றிக்கொண்டு முன்னால் போகவேண்டும். சின்னப்பிள்ளையில் நான் அப்படிப் போயிருக்கிறேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அண்ணாவியின் முகம் வேர்த்து வழிந்தது. கண் எங்கள் யார்மேலும் இல்லை. நடைக்குள் எரிந்த விளக்கிலேயே நின்றது. வீசுகோல் வில்லில் விழும்போது மணிகள் சேர்ந்து குலுங்கும். பக்கப்பாட்டுக்காரர் ஆமாம் போடுவதுகூடச் சாமிக்குக் கேட்கத்தான் போடுகிறாரோ என்று தோன்றும். சாமக்கொடையில், கதைத்தலைவன் வெட்டுப்பட்டு விழும் இடம் வந்ததும் பாட்டு மெதுவாகி, பிறகு உடுக்கை தனியாக எழும்பும். சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடுவார்கள். அதுவரை தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த சாமியாடிக்கு முதலில் தோள் நடுங்கும். பிறகு அவர் எழுந்திருப்பதற்கும் கொட்டு ஏறுவதற்கும் சரியாக இருக்கும். கேட்டுக்கொண்டிருந்த சாமி, கேட்டது போதும் என்று எங்கள் நடுவே வந்துவிடும்.

1970களின் கடைசியில் இந்த மாவட்டத்து ஊர்களில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த அமெரிக்கர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதைத்தான் கவனித்துச் சொல்கிறார்: பிறப்பைப் பாடும் கதைகளைவிடச் சாவைப் பாடும் கதைகளில், அதிலும் சாவு வரும் இடத்தில்தான் சடங்கின் வேகம் கூடுகிறது, சாமி வருகிறது. கொடையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

பிறகு வில் திரும்பியது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லைக் கோவில் நடையிலிருந்து எடுத்து மேடையில் வைத்துக் காந்தி கதை பாடினார். சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் வெளிநாட்டுக்கும் கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். மேடையில் வில் சனத்தைப் பார்த்தது. அது நல்லதுதான். முந்தின காலத்தில் நடைக்கு எதிரே பந்தலில் உட்கார எல்லாருக்கும் இடம் கிடைத்ததில்லை. திருவிதாங்கூர்க் கோவில்களுக்குள் எல்லா இந்துக்களும் நுழையலாம் என்று மகாராஜா சித்திரைத் திருநாள் பிரகடனம் போட்டதே 1936 நவம்பர் 12இல்தான். அதற்கு முன்னால் சுசீந்திரத்தில் தெருவில் நடக்கவே சத்தியாகிரகம் செய்யவேண்டியிருந்தது. அந்தக் காலத்து ரசிகர்கள் என்று இன்று ஏங்கிப் பேசுகிறவர்கள், மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும். அவர்கள் பக்கம் வில்லைத் திருப்பியது ஒரு தர்மம். கொட்டாரம் ஊரைச் சேர்ந்த பூங்கனி அம்மா மாதிரி ஒரு பெண் வில்லின் முன்னால் உட்கார்ந்து கோல் வீசியதும் தர்மம்தான். 2018இல் அவர் போனபிறகு அந்த இடம் இன்னும் காலியாகத்தான் தெரிகிறது.

எங்கள் அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். தோழர் ஜீவானந்தம் பிறந்த மண்ணில் பிறந்தேன் என்று சொல்வதில் அவருக்குப் பெருமை. கோவிலில் கைகூப்ப மாட்டார், திருநீறு வாங்கமாட்டார். ஆனால் கொடையன்று விடிய விடியப் பந்தலில் இருப்பார். “சாமிதான் இல்லைங்கீங்களே, பின்ன என்னத்துக்கு முழிச்சிருக்கீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “சாமி கேக்கல்ல மக்ளே, மனுசன்தான் கேக்கான். ஆனா பாடுகவன் சாமி கேக்குன்னு நெனச்சுப் பாடுகான் பாரு, அதுனாலயாக்கும் கேக்க நல்லாருக்கு” என்றார். மேடை வில்லுப்பாட்டை அவர் பாராட்டுவார், கைதட்டுவார். ஆனால் பாதியில் எழுந்து வந்துவிடுவார்.

அப்பா சொன்னதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். மீதிக் காலில்தான் எங்களுக்குள் கடைசிவரை வழக்கு. சாமி கேட்பதாக நினைத்துப் பாடினால் பாட்டு நன்றாக இருக்கும் என்றால், பாட்டு நன்றாக இருப்பதற்காக அப்படி நினைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொல்லிவிடலாம். அப்படி நினைத்துக்கொள்ள யாராலும் முடியாது. நடைக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு நடையைப் பார்த்துப் பாடுகிறவன் முகம் கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் திரும்பிவிடும், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்துவிடும். பாட்டு நன்றாக வருவது, தன்னை மறந்து இன்னொன்றின் முன் நிற்பதால் தானாக வருகிற பலன். அந்த இன்னொன்று உண்டு என்று நான் நம்புகிறேன். அப்பா நம்பவில்லை. வில் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததே இல்லை.

இதை இன்னும் முழுசாகப் பார்க்கவேண்டுமானால் பாலக்காட்டுப் பக்கம் போகவேண்டும். அங்கே பத்ரகாளி கோவில்களில் கூத்துமாடம் என்று தனியாக ஒரு கட்டடம் இருக்கும். அதில் திரை கட்டி, பின்னால் இருபத்தொரு விளக்கு வரிசையாக ஏற்றி, தோல்பாவை காட்டுவார்கள். பாடுவது கம்பராமாயணம், நம்முடைய தமிழ்ப்பாட்டு. ராமன் ராவணனைக் கொன்றபோது காளி தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். ராமனின் போரைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் பார்ப்பதற்காக வருஷா வருஷம் ஏழு இரவு, இருபத்தொரு இரவு என்று கூத்து நடக்கிறது. பல இரவுகளில் எதிரே ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். பாவை ஆட்டும் புலவர்கள் பாட்டைச் சொல்லி, விளக்கம் சொல்லி, கேள்வி கேட்டுப் பதில் சொல்லி விடியவைக்கிறார்கள். இதைப் பற்றியும் 1996இல் ஒரு புத்தகம் எழுதியவர் அதே பிளாக்பர்ன்தான். கம்பனைப் பட்டிமன்றத்தில் கைதட்டலோடு கேட்டுப் பழகிய நமக்கு, வெறும் மண் தரையைப் பார்த்து ராத்திரி முழுக்கக் கம்பனைச் சொல்லும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே தெரியாது.

அந்தப் புலவர் குடும்பங்களும் பின்னாளில் சிறிய கூத்தாகச் சுருக்கி, காந்தி கதை செய்து, ஊர் ஊராகப் போனார்கள். ஆனால் பூரம் வந்தால் கூத்துமாடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கையில் இரண்டு கூத்தும் இருக்கிறது. சுருக்கிய கூத்து நன்றாக இருப்பதற்குக் காரணம் ஆளில்லாத அந்த இரவுகள்தான் என்பது என் எண்ணம்.

நாட்டிய நாடகத்தைக் காலத்துக்கேற்ப மாற்றுவதில் நம்மைவிட அதிகமாகச் சண்டை போட்டுப் பார்த்தவர்கள் தாய்லாந்துக்காரர்கள். அவர்களுடைய கோன் முகமூடி ஆட்டம். நம் ராமாயணத்தின் தாய் வடிவமான ராமகியென்தான் கதை. ஆடுகிறவர் வாய் திறக்கமாட்டார், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லவும் பாடவும் செய்வார்கள். கதகளி பார்த்த கண்ணுக்கு அந்நியமாகவே தெரியாது. ராணி சிரிகித்தின் ஆதரவில் 2007 முதல் பாங்காக்கில் பெரிய அரங்கத்தில் புது உடுப்பும் மேடை இயந்திரங்களுமாகக் கோன் நடத்தினார்கள். இளவயதுக்காரர்கள் டிக்கெட் எடுத்துப் போனார்கள். 2018இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை மாறியும், ஆசானை வணங்கி முனிவரின் முகமூடியை மாணவன் தலையில் வைக்கும் சடங்கை அவர்கள் விடவில்லை.

ராவணன் சாவதை மேடையில் காட்டுவது அங்கே அபசகுனம். 2006இல் சோம்தோவ் சுசரித்குல் ராமாயணத்தை ‘அயோத்தியா’ என்ற இசைநாடகமாகப் போட்டபோது, ராவணன் மேடையில் செத்தால் நாட்டுக்கு ஆகாது என்று கலாச்சார அமைச்சகமே எதிர்த்தது. அந்தக் காட்சியை அவர் மாற்றவேண்டியதாயிற்று. அரசாங்கம் மிரட்டிக் காப்பாற்றுவதற்குப் பக்தி என்று பெயர் வைக்க என்னால் முடியாது. ஆனால் அதற்கடியில் இருக்கும் எண்ணம் எனக்குப் புரிகிறது: மேடையில் நடப்பது வெறும் நடிப்பாக நின்றுவிடாது, உலகத்தில் ஒன்றைச் செய்யும். நம் கொடையிலும் இதே எண்ணம்தான், ஆனால் தலைகீழ். அங்கே சாவைக் காட்டினால் கேடு வரும். இங்கே சாவைப் பாடினால் சாமி வரும்.

பிச்செட் க்ளுன்சுன் என்று ஒரு கோன் கலைஞர். முறையாக ஆசானிடம் கற்று, பிறகு முகமூடியையும் ஜரிகையையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் உடம்போடு புது ஆட்டம் ஆடியவர். அதற்காக ஏச்சும் வாங்கினார். ஜெரோம் பெல் என்ற பிரெஞ்சு நடனக்காரரோடு எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆடிக் காட்டும் ஒரு நிகழ்ச்சி அவருடையது. அதில், கோனில் மரணத்தை நேரே காட்டுவதில்லை என்று சொல்லி, மேடையின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மிக மெதுவாக நடந்து காட்டுகிறார். அவ்வளவுதான். உடையெல்லாம் போனபிறகும் அந்த நடையில் கோன் இருந்தது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்த ஆள்.

நாம் எதை விடக்கூடாது என்பது திருவட்டாற்றுப் பெருமாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு அடி நீளத்தில் மேற்கே பார்த்துச் சயனித்திருக்கிறார். ஒரு வாசல் வழியாக முழுசாகத் தெரியமாட்டார். மூன்று வாசலில் நின்று திருமுகம், திருவுந்தி, திருப்பாதம் என்று தனித்தனியாகத்தான் சேவிக்கவேண்டும். எந்த இடத்தில் நின்றாலும் அவரில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு மறைவு. எல்லாமே எனக்குத் தெரியும்படி காட்டு, எனக்குத் தெரியாதது எனக்கு வேண்டாம் என்று சொல்கிற பார்வையாளர் அங்கே நிற்கவே முடியாது. தோடயத்துக்குப் பிடிக்கும் திரையும் அதைத்தான் செய்கிறது. ஆட்டம் உனக்கு முன்பே தொடங்கிவிட்டது, உனக்குத் தெரிவது அதில் ஒரு பங்கு என்று உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிறது. விடியற்காலையில் கதை முடிந்தபின் ஆடும் தனாசியும் அப்படித்தான். சனம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நின்று ஆடிக் கும்பிட்டு முடிப்பார்.

ஒருமுறை பக்கவாட்டில் உட்கார இடம் கிடைத்ததால் தோடயத்தைத் திரைக்கு உள்பக்கமிருந்து பார்த்தேன். மீசை அரும்பாத இரண்டு பையன்கள். ஒருவன் அடி தவறினான். திரைக்கு அப்பால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவன் முகம் சுருங்கியது. அடுத்த சுற்றில் அந்த அடியை அழுத்தமாக வைத்தான். பார்க்கிறவர் இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளை யாரிடம் கூச்சப்பட்டான்? ஆசானிடம் என்பார் அப்பா. பெருமாளிடம் என்பேன் நான். யாரிடமாவது ஆகட்டும், பின்னாளில் அவன் பச்சை வேஷம் கட்டித் திரை இறங்கும்போது, அந்தக் கூச்சம் அவன் கண்ணில் இருக்கும். அதை மண்டபத்துக்கு நேராகக் கொண்டுவந்து கற்றுக்கொடுக்க வழி இல்லை.

மண்டபத்தில் சாமி இல்லையா, கோவிலில் மட்டும்தானா என்று யாரேனும் கேட்டால், இருக்கிறார் என்றுதான் சொல்வேன். கதகளிப் பாடகர் கலாமண்டலம் ஹைதரலியை, முஸ்லிம் என்பதால் கோவிலுக்குள் விடவில்லை. ஒரு கோவிலில் மதிலின் ஒரு பகுதியை இடித்து, அரங்கை வெளியே நீட்டி அவரைப் பாடவைத்தார்கள் என்பது கேரளத்தில் எல்லாரும் அறிந்த சம்பவம். மதிலுக்கு வெளியே நின்று அவர் பாடிய பதம் உள்ளே போகாமலா இருந்திருக்கும்? இடம் மாறலாம், மொழி மாறலாம், ஆடுகிறவர் சாதியும் மதமும் ஆணும் பெண்ணும் மாறலாம். எதிரே இருப்பவர்களைத் தாண்டி இன்னொருவர் முன்னால் நிற்கிறோம் என்ற நினைப்புக்கு நிகழ்ச்சிக்குள் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு இருபது நிமிடம் அதிகமில்லை.

அந்த இளைஞரிடமும் அவரைப்போல் நிகழ்ச்சி நடத்துகிற எல்லாரிடமும் நான் கேட்பது இது. கதையை இரண்டு மணி நேரமாக்குங்கள், தமிழில் எழுதிக் காட்டுங்கள், பெண்களை ஆடவையுங்கள், புதுக்கதை போடுங்கள். தோடயத்தை மட்டும் வெட்டாதீர்கள். இது உங்களுக்காக ஆடப்படுவதில்லை என்று முதலிலேயே சபைக்குச் சொல்லிவிடுங்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும், நினைத்ததைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். வில்லுப்பாட்டுக்கு மேடை போடுகிறவர்கள் காப்புப் பாட்டு ஒன்றையாவது வில்லை விளக்கின் பக்கம் வைத்துப் பாடச் சொல்லுங்கள். அதன்பிறகு சனத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

திருவட்டாற்றில் பங்குனியிலும் ஐப்பசியிலும் கொடியேறும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகப் பஸ் இருக்கிறது. கதகளி பார்க்க வருகிறவர்கள் கதை தொடங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். விளக்கு ஏற்றும்போதே வந்து உட்காருங்கள்.